கோடிங்குக்கு மட்ஸ் வேணுமா? கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்பம்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமைகளில் ஐ.ரி. துறையில் வேலை செய்யிற ஆக்களின் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். "அண்ணா, நான் பயோ. எனக்கு சொஃப்ட்வெயார் சரிவருமா?" "அக்கா, கொம்பைன்ட் மட்ஸில எஸ் தான் வந்தது. புரோகிராமிங் படிக்கலாமோ?" "தம்பி, மகள் ஆர்ட்ஸ் செய்தவ. ஐ.ரி. கோர்ஸ் ஒண்டுக்குக் காசு கட்டச் சொல்லினம். கட்டலாமே?" கேட்கிற ஆள் மாறும், கேள்வி மாறாது. மட்ஸ் இல்லாமல் இது சரிவருமா?

இதற்கு எங்கட ஊர்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "மட்ஸ் செய்யாத ஆளுக்கு மூளை அந்தப் பக்கம் ஓடாது, வேற ஏதும் பார்" என்பது ஒன்று. "மட்ஸ் ஒண்டும் தேவையில்லை, ஆறு மாதத்தில டெவலப்பர் ஆகலாம்" என்பது மற்றது. முதலாவதை அநேகமாக மட்ஸ் படித்தவர்கள் சொல்வார்கள். இரண்டாவதை அநேகமாக கோர்ஸ் விற்பவர்கள் சொல்வார்கள். இரண்டும் பிழை என்பதுதான் என்னுடைய கருத்து. முதல் பதில் படிக்கக்கூடிய ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது பதில் அந்தப் பிள்ளையின் அம்மாவின் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்புகிறது.

எந்த மட்ஸைக் கேட்கிறம்?

"மட்ஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விசயங்களைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். ஒன்று, கொம்பைன்ட் மட்ஸ் என்ற பாடமும் அதற்குக் கிடைத்த பெறுபேறும். மற்றது, கணிதம்.

கொம்பைன்ட் மட்ஸில் என்ன இருக்கு? ஒரு பாதி தூய கணிதம்: வகையீடு, தொகையீடு, திரிகோணகணிதம் போன்றவை. மற்றப் பாதி பிரயோக கணிதம்: சுவரில் சாய்த்து வைத்த ஏணி வழுக்குமா, எறிந்த துணிக்கை எங்கே போய் விழும் என்ற மாதிரிக் கணக்குகள். நல்ல விசயங்கள்தான். ஒரு பொறியியலாளருக்கு அவை அத்தியாவசியம். ஆனால் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நம்பர் எடுக்கிற வெப்சைட் ஒன்றைச் செய்கிறவர், அந்த ஏணிக் கணக்கை வேலை செய்கிற காலம் முழுக்க ஒருதரம்கூடத் தொடத் தேவையில்லாமல் இருக்கலாம்.

அப்ப புரோகிராமர் தினமும் தொடுகிற கணிதம் எது? "இது உண்மை, அது பொய் என்றால் இரண்டும் சேர்ந்து என்ன?" என்ற தர்க்கம். "இந்தப் பட்டியலில் இருக்கிற, அந்தப் பட்டியலில் இல்லாத ஆக்கள் யார்?" என்ற தொடைக் கணக்கு. "இத்தனை பொருளை எத்தனை விதமாக ஒழுங்குபடுத்தலாம்?" என்ற எண்ணல். ஊர்களையும் அவற்றை இணைக்கிற வீதிகளையும் புள்ளியும் கோடுமாகப் பார்க்கிற வரைபுக் கோட்பாடு. கம்பஸில் இவற்றை டிஸ்கிரீட் மட்ஸ் என்று தனிப் பாடமாகப் படிப்பிப்பார்கள். உயர்தரத்தில் இதில் பெரும்பகுதி வராது. அதாவது கொம்பைன்ட் மட்ஸில் ஏ எடுத்தவரும் எஸ் எடுத்தவரும் இந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. இந்தக் கணிதத்தின் தொடக்கம் எங்கட சாதாரணதரப் புத்தகங்களுக்குள் ஏற்கெனவே இருக்கு. தொடைகள், நிகழ்தகவு, மடக்கை, விருத்திகள், தாயங்கள் எல்லாம் பத்தாம், பதினோராம் ஆண்டில் படித்தவை. தர்க்கப் படலைகள் ஐ.சீ.ரி. பாடத்தில் வரும். ஜோர்ஜ் பூல் என்ற கணிதவியலாளர் 1854இல் தர்க்கத்தை அட்சரகணிதம் மாதிரி எழுதிக் காட்டினார். அதை வைத்து மின் ஆளிகளின் சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று குளோட் ஷனன் என்ற மாணவர் 1937இல் தன்னுடைய முதுகலை ஆய்வில் காட்டினார். இன்றைக்கு உங்கட கையில் இருக்கிற போனின் சிப் வரைக்கும் அதே தர்க்கம்தான் ஓடுகிறது. அதற்கு வகையீடும் தேவைப்படவில்லை, தொகையீடும் தேவைப்படவில்லை.

கொம்பைன்ட் மட்ஸ் செய்யக் கிடைத்தவர்கள் யார்?

"மட்ஸ் செய்தனியா?" என்ற கேள்வி மூளையைப் பற்றிய கேள்வி மாதிரித் தெரியும். இலங்கையில் அது பல நேரம் ஊரைப் பற்றிய கேள்வி.

நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1 ஏபி பாடசாலைகள் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 1 சீ பாடசாலை என்றால் கலை, வர்த்தகத்தோடு சரி. வன்னியில் உள்ளுக்குள் இருக்கிற ஒரு கிராமத்துப் பிள்ளையோ தோட்டத்து லயத்தில் இருந்து வருகிற பிள்ளையோ கணிதப் பிரிவு படிப்பதென்றால், பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏற வேணும், இல்லையென்றால் விடுதியில் நிற்க வேணும். அதுக்கு மேல ரியூசன் காசு. பொம்பிளைப் பிள்ளை என்றால் "அவ்வளவு தூரம் அனுப்பேலாது" என்ற வசனமும் சேரும். கடைசியில் பள்ளிக்கூடத்தில் என்ன பிரிவு இருக்கோ அதுதான் பிள்ளையின் "விருப்பம்" ஆகிவிடும்.

அந்தப் பிள்ளையைப் பார்த்து "மட்ஸ் செய்யாதபடியால் உன்னால் லொஜிக்காக யோசிக்க ஏலாது" என்று சொல்வது அறிவுரை இல்லை. பள்ளிக்கூடம் தராத ஒன்றுக்குப் பிள்ளையிடம் தண்டம் கேட்பது.

கோட் எழுதப் பழகுவதற்கு எது உதவும்?

இதை ஊகமாகப் பேசாமல் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான்டல் பிராட் என்பவரும் குழுவினரும் 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு கோட் எழுதிப் பழகாத 36 பேருக்கு பைதன் படிப்பித்து, யார் வேகமாகப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பழகும் வேகத்தில் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ 17 வீதத்தைப் புது மொழி ஒன்றைப் பழகும் திறன் விளக்கியது. எண் கணக்குத் திறன் விளக்கியது 2 வீதமளவுதான். எல்லாவற்றையும் விடப் பெரிய பங்கு பொதுவான தர்க்கச் சிந்தனைக்கும், மனதில் விசயங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிற நினைவாற்றலுக்கும் இருந்தது. சின்ன ஆய்வு, ஒரே ஒரு மொழி, ஆரம்ப நிலை ஆக்கள். எனவே இதை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. ஆனால் "மட்ஸ் வராது என்றால் கோட் வராது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேணும்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரரை கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு இடங்களுக்கிடையில் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கிற அல்கொரிதம் அவருடைய பெயரில்தான் இருக்கு. புரோகிராமையே ஒரு கணித நிறுவல் மாதிரி எழுத வேணும் என்று நின்ற மனிசன். அவரே 1975இல் எழுதிய ஒரு குறிப்பில், நல்ல புரோகிராமருக்குக் கணித நாட்டத்தோடு சேர்த்து மிக முக்கியமான சொத்து தாய்மொழியில் அசாத்தியமான தேர்ச்சி என்று சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு இது நல்ல செய்தி. ஒரு பிரச்சினையைத் தமிழில் ஒருவருக்கு ஒழுங்காக, படி படியாக, எதையும் விடாமல் விளங்கப்படுத்த முடிந்த பிள்ளைக்கு கோட் எழுதும் வேலையின் பாதி ஏற்கெனவே தெரியும். உண்மையில் தமிழ் மொழிமூலத்தில் படித்த எங்கட பிள்ளையளுக்கு முதலில் தடக்குவது மட்ஸ் இல்லை, ஆங்கிலம். எரர் மெசேஜ் ஆங்கிலத்தில், விளக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில், நல்ல வீடியோ ஆங்கிலத்தில். அந்தத் தடையைப் பற்றிப் பேசாமல் மட்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சின்னப் பரிசோதனை

ஒரு உதாரணம் பார்ப்பம். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியைச் சொல்கிற ஒரு புரோகிராம் எழுத வேணும். 500க்கு மேல் என்றால் 500ஐக் கழி, மிச்சத்தைத் திகதியாக மாற்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தால் பலருக்கு ஒரு நாள் பிழைக்கும். ஏனென்றால் அடையாள அட்டையின் கணக்கில் எல்லா வருசத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு. 1995 நெட்டாண்டு இல்லை. கலண்டர்படி அந்த வருசம் மார்ச் 1 அறுபதாவது நாள். அடையாள அட்டையில் அது 61. பெண் என்றால் 561. பைதனின் திகதி வசதியை நம்பி நேரடியாக மாற்றினால் மார்ச் 1இல் பிறந்தவர் மார்ச் 2இல் பிறந்தவராகிவிடுவார். ஜனவரியில் பிறந்தவர்களின் இலக்கங்களை மட்டும் போட்டுப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இந்தப் பிழையைப் பிடிக்க எந்த மட்ஸ் வேணும்? கூட்டல், கழித்தல். ஆனால் "என்னுடைய, அம்மாவுடைய, அக்காவுடைய இலக்கங்களைப் போட்டுப் பார்ப்பம்" என்ற சந்தேக புத்தி வேணும். ஒரு நாள் ஏன் பிழைக்கிறது என்று தேடுகிற பொறுமை வேணும். "எல்லாருக்குமா, சில பேருக்கு மட்டுமா? எந்தத் திகதிக்குப் பிறகு?" என்று கேள்வியைச் சுருக்கிக் கொண்டு போகிற பழக்கம் வேணும். புரோகிராமர் ஒருவரின் வேலைநாளில் பெரும்பகுதி இந்த மாதிரித்தான் போகும். அந்தப் பழக்கம் கணிதம் படித்தும் வரலாம், மோட்டார் சைக்கிள் கழற்றிப் பூட்டியும் வரலாம், கணக்குப் புத்தகத்தில் முப்பது ரூபா உதைக்குது என்று இரவு முழுக்க இருந்து தேடியும் வரலாம்.

ஆனால் மட்ஸ் கட்டாயம் கதவைத் தட்டும்

இவ்வளவும் வாசித்துவிட்டு "அப்ப மட்ஸ் தேவையில்லைத்தானே" என்று முடிவெடுக்காதீங்கோ. கோர்ஸ் விற்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற பாதி இதுதான்.

சங்கம் ஒன்றின் அங்கத்தவர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தரம் வந்திருக்கா என்று பார்க்க வேணும். இலகுவான வழி, ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிடுவது. 200 பேர் என்றால் 19,900 ஒப்பீடு. கண் மூடித் திறக்க முதல் முடிந்துவிடும். அதே கோட்டை ஒரு இலட்சம் பேர் உள்ள பட்டியலுக்குப் போட்டால் கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடு. செக்கனுக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் என்று வைத்தால்கூட எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். பட்டியலை முதலில் அகர வரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்த பெயர்களை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 17 இலட்சம் ஒப்பீட்டில், ஒரு செக்கன் ஆகமுதல் விசயம் முடிந்துவிடும். முதல் கணக்குக் கூட்டல் விருத்தி. இரண்டாவது மடக்கை. இரண்டும் பதினோராம் ஆண்டோடு படித்து முடித்தவை. அது தெரியாத ஆள் கோட் எழுதலாம், அது ஓடவும் செய்யும். பாவனையாளர் கூடக் கூட ஏன் எல்லாம் இழுபடுகிறது என்று மட்டும் அவருக்கு விளங்காது.

இன்னொன்று. பைதனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கோ. 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிற மாதிரி, பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் முடியாது, எங்கேயோ வெட்ட வேணும். 1991 பெப்ரவரி 25, வளைகுடா யுத்தத்தில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படையினர் கொல்லப்பட்டதற்குக் காரணம் இதே பத்தில் ஒன்றுதான். ஏறத்தாழ 100 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியதில், வெட்டிய துண்டுகள் சேர்ந்து கடிகாரம் மூன்றில் ஒரு செக்கன் பிழைத்திருந்தது. ஒரு ஸ்கட் அந்த நேரத்துக்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். காசு சம்பந்தமான மென்பொருளில் ரூபாவைத் தசமமாக வைக்காமல் சதங்களாக, முழு எண்ணாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது உதாரணம் எங்களுக்கு இன்னும் கிட்ட இருக்கு. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு கடன் கொம்பனி உங்களிடம் ஒரு செயலி கேட்குது என்று வையுங்கோ. 100,000 ரூபா, 24 வீத வட்டி, 12 மாதம். முழுத் தொகைக்கும் வருசம் முழுக்க வட்டி போட்டால் வட்டி 24,000 ரூபா. கட்டக் கட்டக் குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் அதே 24 வீதத்தைப் போட்டால் வட்டி சுமார் 13,500 ரூபாதான். முதல் முறையில் அந்த அக்கா உண்மையில் கட்டுவது, குறைந்து செல்லும் மீதியில் பார்த்தால் 41 வீதத்துக்கும் மேலான வட்டி. திரையில் இரண்டுக்கும் "24%" என்றுதான் போடுவீங்கள். இந்த வித்தியாசம் விளங்காத புரோகிராமர் எழுதிய செயலியும் பிழையில்லாமல் ஓடும். அதுதான் பயம். தான் என்ன எழுதினவர் என்று அவருக்கே தெரியாது. விளங்கினவர் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்பார்: "இதில் உண்மையான வீதத்தையும் காட்டுவமா?"

இதைத் தாண்டி, கணிதமே வேலையாக இருக்கிற துறைகளும் உண்டு. கேம் செய்வதென்றால் காவிகளும் தாயங்களும் இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் திருப்பக்கூட ஏலாது. மெஷின் லேர்னிங் என்றால் நிகழ்தகவு, தாயங்கள், வகையீடு மூன்றும் வேணும். குறியாக்கம் என்றால் எண் கோட்பாடு. அங்கே போக விரும்புகிறவருக்கு "மட்ஸ் தேவையில்லை" என்று சொல்வது பச்சைப் பொய். "இப்ப கோட் எழுத ஏஐ இருக்குத்தானே" என்றும் சிலர் சொல்லினம். இருக்கு. ஆனால் அது எழுதித் தந்தது ஒரு இலட்சம் பேருக்குத் தாங்குமா, வட்டி சரியா, மார்ச் 1 பிழைக்குமா என்று சொல்ல ஒரு ஆள் வேணும். எழுதுகிற வேலை குறையக் குறைய, சரி பார்க்கிற அறிவின் தேவை கூடுதே தவிரக் குறையேல்லை.

அப்ப என்ன செய்யிறது?

கணிதத்தை வாசலில் நிற்கிற காவலாளியாக வைக்காமல், உள்ளே போனபிறகு தேவைக்குத் தேவை எடுத்துப் பாவிக்கிற ஆயுதப் பெட்டியாக வைப்பம் என்றுதான் நான் சொல்கிறேன். கிரேஸ் ஹொப்பர் 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். அவர்தான் பிறகு, வியாபாரக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கணிதக் குறியீடு சரிவராது, ஆங்கிலச் சொற்களால் கோட் எழுத விடவேணும் என்று நின்று, ஃப்ளோமெட்டிக் என்ற மொழியை உருவாக்கினார். 1959இல் தொடங்கிய கோபோல் அதன் வழியில் வந்தது. கணிதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் தன்னுடைய அறிவைக் கதவைத் திறக்கப் பாவித்தார். எங்கட மட்ஸ்காரர் அதைப் பூட்டாமல் இருந்தாலே போதும்.

படிக்க யோசிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எந்தக் கோர்ஸுக்கும் காசு கட்ட முதல், இலவசமாகக் கிடைக்கிற பாடங்களை வைத்து இரண்டு மூன்று மாதம் பைதன் பழகுங்கோ. கம்பியூட்டர் இல்லை என்றால் நூலகத்திலோ பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலோ கேட்டுப் பாருங்கோ. பிறகு மேலே சொன்ன அடையாள அட்டைப் புரோகிராமை ஏஐயிடம் கேட்காமல் நீங்களே எழுதுங்கோ. வீட்டில் இருக்கிற எல்லாருடைய இலக்கத்தையும் போட்டுப் பாருங்கோ. 2016இல் இருந்து வந்த 12 எண் இலக்கத்துக்கும் வேலை செய்ய வையுங்கோ. ஒரு நாள் பிழைக்கிறபோது எரிச்சல் வந்து மூடி வைக்கிறீங்களா, இல்லை சாப்பிடக் கூப்பிடுகிற சத்தமும் கேட்காமல் தேடிக்கொண்டிருக்கிறீங்களா என்று கவனியுங்கோ. இசட் புள்ளி சொல்லாத ஒன்றை அது உங்களுக்குச் சொல்லும்.

தேடுகிற ஆள் என்றால் தயங்காமல் வாங்கோ. வரும்போது அலுமாரிக்குள் கிடக்கிற பதினோராம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தையும் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வாங்கோ. இந்த முறை சோதினைக்கு இல்லை.